கசடு போன வழி

1988 ஜனவரி 15. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாள். நியூயார்க் நகரத்தில், மன்ஹாட்டனின் மேற்கு ஓரமாக ஹட்சன் ஆற்றை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையில் ஏழு பேர் போக்குவரத்தை மறித்து நின்றார்கள். முகத்தில் கேஸ் மாஸ்க், கையில் அட்டைகள். அவர்களுக்குப் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீருக்கு மேலேயே கட்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடம். அதிலிருந்து வந்த நாற்றம்தான் விவகாரம். போலீஸ் வந்தது, ஏழு பேரையும் கைது செய்தது. பிறகு அவர்களுக்கு 'சீவேஜ் செவன்' என்று பெயர் வந்துவிட்டது. 'சாக்கடை எழுவர்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் ஏதோ பழைய சினிமாவின் வில்லன் கூட்டம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த எழுவரில் இருந்த பெக்கி ஷெப்பர்ட் இன்றைக்கு அமெரிக்கச் சூழலியல் இயக்கத்தின் பெரிய பெயர்களில் ஒன்று.

நான் இந்தக் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததே வேறொரு செய்தியால்தான். அதே ஹட்சன் ஆற்றின் மேல்பகுதியில், மோரோ என்ற சின்ன ஊரில், கழிவுநீர்க் கசட்டைப் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றைக் கட்ட ஒரு கம்பெனி வந்தது, ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வழக்கமான செய்திதான். 'எங்க ஊர்ல வேண்டாம், வேற எங்கயாவது கொண்டு போங்க' என்று சொல்வதற்கு அமெரிக்காவில் ஒரு கேலிப் பெயரே உண்டு, 'நிம்பி' என்று. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பின்னோக்கிப் போகப் போக, கதை அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் இந்தக் கசடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 'கசடு' என்ற சொல்லை நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில், கல்வி அதிகாரத்தில்தான் முதலில் சந்தித்திருப்போம். அங்கே அதற்குக் குற்றம், பிழை என்று பொருள் எழுதி மார்க் வாங்கினோம். கழிவுநீர் நிலையத்தில் கசடு என்றால் மிச்சம். ஒரு நகரத்தின் சாக்கடைத் தண்ணீரில் 99 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர்தான். சுத்திகரிப்பு என்று நாம் சொல்வது, அந்தத் தண்ணீரிலிருந்து மீதியைப் பிரித்தெடுப்பது. தொட்டிகளில் தேங்க வைத்தால் கனமானது அடியில் படியும். அடுத்த கட்டத்தில் காற்றை ஊதிக் கிருமிகளை வளர்ப்பார்கள். அவை கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று கொழுத்து, தாங்களும் அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீர் ஆற்றுக்குப் போய்விடும். அடியில் படிந்ததுதான் கசடு. மூடிய கலன்களில் வாரக்கணக்கில் சூடாக வைத்து அதைச் செரிக்க வைக்கிறார்கள், மீத்தேன் வாயு வருகிறது. அதன் பிறகும் அது கரும்பழுப்பான கஞ்சிதான். சுழல் இயந்திரத்தில் போட்டு நீரைப் பிழிந்தால் ஈர மண் மாதிரி கட்டியாகும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் 'கேக்'. நான் சொல்லவில்லை, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆற்றை எவ்வளவுக்கெவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு கசடு கூடும். அழுக்கு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. 1972இல் அமெரிக்கா தூய நீர்ச் சட்டத்தைக் கொண்டுவந்து எல்லா நகரங்களையும் ஒழுங்காகச் சுத்திகரிக்கச் சொன்னபோது, கூடவே கசட்டு மலைகளுக்கும் அடிக்கல் நாட்டிவிட்டது. இன்று நியூயார்க் நகரம் 14 நிலையங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 130 கோடி காலன், அதாவது ஏறக்குறைய 490 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது. அத்தனைக்கும் அடியில் படிவது தினமும் எங்கேயாவது போயாக வேண்டும்.

நெடுங்காலம் அது கடலுக்குப் போனது. 1924இல் தொடங்கி, கசட்டை ஏற்றிக்கொண்ட கப்பல்கள் துறைமுகத்தைத் தாண்டிக் கடற்கரையிலிருந்து 12 மைல் தொலைவில் கொட்டிவிட்டுத் திரும்பின. கடல் பெரியது, யாருக்கும் வாக்குரிமை இல்லாத இடம். 1970 வாக்கில் அந்தக் கடலடி செத்துப்போய்விட்டதாக விஞ்ஞானிகள் பேச ஆரம்பித்தார்கள். 1977இல் அமெரிக்கக் காங்கிரஸ் 1981 முடிவதற்குள் கடலைக் கெடுக்கும் கசட்டுக் கொட்டலை நிறுத்தச் சொல்லிச் சட்டத்தைத் திருத்தியது. நியூயார்க் நகரம் என்ன செய்தது தெரியுமா? மத்தியச் சுற்றுச்சூழல் முகமைமீது வழக்குப் போட்டது. 'நிலத்தில் கொட்டினால் அதைவிடக் கெடுதல், அதையும் கணக்கில் எடுக்காமல் எப்படித் தடுக்கலாம்?' என்பது வாதம். 1981இல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வாதத்தை இன்றைக்குப் படித்தால் முழுக்கத் தப்பு என்று தள்ளவும் முடியவில்லை. அதற்குப் பின்னால் நடந்ததைப் பார்த்தால் இன்னும் முடியவில்லை. கொட்டுமிடம் மட்டும் 12 மைலிலிருந்து 106 மைலுக்கு, ஆழ்கடலுக்குத் தள்ளிப்போனது.

1987, 1988 கோடைகளில் நியூ ஜெர்சி, லாங் ஐலண்ட் கடற்கரைகளில் ஊசிகளும் ஆஸ்பத்திரிக் குப்பைகளும் ஒதுங்கின. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. கடற்கரைகளை மூடினார்கள். இதில் வேடிக்கை, அந்த ஊசிகளுக்கும் 106 மைல் தள்ளிக் கொட்டிய கசட்டுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. அவை பெரும்பாலும் குப்பைமேட்டிலிருந்தும், மழையில் பொங்கி வழிந்த சாக்கடைகளிலிருந்தும் வந்தவை. ஆனால் கோபத்துக்கு ஒரு முகவரி வேண்டுமல்லவா. 1988 நவம்பரில் ரீகன் கடலில் கொட்டுவதைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1992 ஜூன் கடைசியில் நியூயார்க் கடைசியாகக் கடலில் கொட்டியது. மீன்கள் தப்பித்தன. கசடு கரையேறியது.

ஹார்லெம் கதை இதற்குச் சற்று முன்னால் ஆரம்பிக்கிறது. 1986 வரை மன்ஹாட்டன் மேற்குப் பகுதியின் சாக்கடை எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் அப்படியே ஹட்சன் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 15 கோடி காலன். உலகத்தின் பணத் தலைநகரம், வானளாவிய கட்டடங்கள், எல்லாம் சரி. கழிப்பறையிலிருந்து நேராக ஆறு. இதற்கு ஒரு நிலையம் கட்டத்தான் வேண்டும், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே கட்டுவது? முதலில் யோசித்த இடம் 72ஆம் தெருவை ஒட்டிய ஆற்றோரம். வசதியான வெள்ளைக்காரர்கள் வாழும் பகுதி அது. திட்டம் மெல்ல வடக்கே நகர்ந்து, 1960களில் 137ஆம் தெருவுக்கும் 145ஆம் தெருவுக்கும் நடுவே வந்து நின்றது. மேற்கு ஹார்லெம். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கர்களும் வாழும் இடம்.

நார்த் ரிவர் நிலையம் என்று அதற்குப் பெயர். கிரீனிச் வில்லேஜின் பேங்க் தெருவிலிருந்து தீவின் வடக்கு முனை வரைக்கும் மேற்குப் பக்கத்துச் சாக்கடை மொத்தமும் இங்கே வருகிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஓவியர்களும் வங்கிக்காரர்களும் வாழும் தெருக்களில் காலையில் வெளியேறுவது, குழாய்களில் மைல்கணக்கில் பயணம் செய்து ஹார்லெம் குழந்தைகளின் ஜன்னலுக்கு அருகே வந்து சேர்கிறது.

எதிர்ப்பு அப்போதே இருந்தது. ஆனால் அது கட்டடத்தைத் தடுக்கும் அளவுக்கு வலுவாக இல்லை. சமாதானமாக ஒரு வாக்குறுதி கிடைத்தது. நிலையத்தின் கூரைமேல் 28 ஏக்கரில் பூங்கா கட்டித் தருகிறோம் என்றார்கள். சாக்கடைக்கு மேல் பூங்கா. கேட்பதற்குக் கிண்டல் மாதிரி இருந்தாலும் அதை வாங்கியதே மக்களின் வற்புறுத்தல்தான் என்பதை மறக்கக்கூடாது.

1986இல் நிலையம் இயங்க ஆரம்பித்ததும் நாற்றம் வந்தது. அழுகிய முட்டை வாடை. ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்த வாயுவை நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் மூக்கு சொல்வது சாட்சியம் ஆகாது, கருவி சொல்வதுதான் சாட்சியம். உலகம் முழுக்க இந்த மாதிரிப் போராட்டங்களில் வரும் முதல் சண்டை இதுதான் என்று நினைக்கிறேன். ஜன்னலைத் திறக்க முடியவில்லை, கண் எரிகிறது, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று ஓர் அம்மா சொல்வார். அதிகாரி அளவுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டுவார். இரண்டு பேரும் பொய் சொல்லாமலேகூட இருக்கலாம். அளவு எங்கே எடுத்தது, எந்த நேரத்தில் எடுத்தது, எந்த வாயுவைத் தேடினார்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

ஷெப்பர்ட் அப்போது மேற்கு ஹார்லெமில் ஜனநாயகக் கட்சியின் வட்டத் தலைவர். கட்சி வேலையாக வீடு வீடாகப் போனால் ஜனங்கள் பேசியது நாற்றத்தைப் பற்றித்தான். கூட இருந்தவர் வெர்னிஸ் மில்லர். அவருக்கு இன்னொரு பின்னணி உண்டு. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த ஓர் ஊரில், பிசிபி என்ற நச்சு எண்ணெய் கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைத்தபோது லாரிகளுக்கு முன்னால் மக்கள் படுத்துக்கொண்டார்கள்; 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதன் தொடர்ச்சியாக ஒரு தேவாலய அமைப்பு 1987இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நச்சுக் கழிவு மையங்கள் எங்கே இருக்கும் என்பதை மற்ற எதையும்விட நிற இனம்தான் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது என்றது அறிக்கை. அதற்கான ஆய்வில் வேலை பார்த்தவர் மில்லர். ஆக, அவருக்கு ஹார்லெம் நாற்றம் தனிக்கதை அல்ல, பார்த்துப் பழகிய வரைபடத்தில் இன்னொரு புள்ளி.

கைதான அதே 1988இல் இவர்கள் 'வி ஆக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1992இல், என்ஆர்டிசி என்ற பெரிய சூழலியல் அமைப்பின் வக்கீல்களோடு சேர்ந்து நகரத்தின்மீது வழக்கு. 1993 கடைசியில் சமரசம். 11 லட்சம் டாலரில் ஒரு நிதி; அதைவிட முக்கியமானது, நகரம் 5.5 கோடி டாலர் செலவழித்து நாற்றத்தைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டதும், அதைக் கண்காணிக்கும் இடத்தில் ஊர்க்காரர்களே உட்கார்ந்ததும். அதே ஆண்டு கூரைமேல் பூங்காவும் திறந்தது. நீச்சல் குளம், பனிச்சறுக்குத் தளம், ஓடுபாதை, எல்லாம் உண்டு. இன்றைக்கும் கூட்டம் போகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஹார்லெம்காரர்கள் 'நிலையத்தை மூடு' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாக்கடை மறுபடி ஆற்றில்தான் போயிருக்கும், அது அவர்களுக்கும் தெரியும். ஒழுங்காக நடத்து, எங்களுக்குக் கணக்குச் சொல் என்றார்கள். 'நிம்பி' என்ற கேலி இவர்கள்மேல் ஒட்டவே ஒட்டாது. பின்னால் 1990களில் இதே அமைப்பு டீசல் பஸ் டிப்போக்களைக் கையில் எடுத்தது. மன்ஹாட்டன் முழுவதற்குமான டிப்போக்களில் பெரும்பாலானவை வடக்கு மன்ஹாட்டனில்தான் இருந்தன. ஒன்றைத் தலையில் கட்டினால் அடுத்ததையும் அங்கேயே கட்டுவது என்பது நகரங்களுக்கு ஒரு பழக்கம்.

இனி 1992க்குப் பிந்தைய கசடு. கடல் மூடியாயிற்று. நகரம் தன் நிலையங்களில் நீர் பிழியும் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டியது. பிழிந்த கேக் இரண்டு பெரிய பாதைகளில் கிளம்பியது. ஒன்று ரயிலில், 2,000 மைல் தாண்டி. இன்னொன்று பக்கத்திலேயே, சௌத் பிராங்க்ஸுக்கு.

ரயிலில் போனது டெக்சாஸின் சியெரா பிளாங்கா என்ற ஊருக்கு. எல் பாசோவுக்குக் கிழக்கே, மெக்சிகோ எல்லைக்கு அருகே, பாலைநிலத்தில் சில நூறு பேர் வாழும் ஊர். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். மெர்கோ என்ற கூட்டு நிறுவனம் முதலில் ஓக்லஹோமாவுக்குத்தான் கொண்டுபோகப் பார்த்தது. அங்கே எதிர்ப்பு வலுத்ததும் டெக்சாஸ் பக்கம் திரும்பியது. 1992இல் 1,28,000 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார்கள். கசடு 'பயனுள்ள உரம்' என்ற வகையில் வந்ததால் முழு அனுமதி, பொது விசாரணை எதுவும் வேண்டியிருக்கவில்லை, பதிவு செய்தால் போதும். சில வாரங்களுக்குள் வேலை முடிந்தது. ரயில் வர ஆரம்பித்தது. வறண்ட மேய்ச்சல் நிலத்தில் கேக்கைத் தூவினார்கள். வேலை கிடைத்தவர்கள் ஒரு பக்கம், நாற்றம் கிடைத்தவர்கள் ஒரு பக்கம் என்று ஊர் பிளந்தது.

1994இல் மைக்கேல் மூர் தன் டிவி நிகழ்ச்சியில் இந்த ரயிலைப் பின்தொடர்ந்து ஒரு பகுதி வெளியிட்டார். அதில் பேசியவர் ஹ்யூ காஃப்மன், சுற்றுச்சூழல் முகமையிலேயே வேலை பார்த்தவர். நியூயார்க்கின் மீன்களைக் காப்பாற்றிவிட்டு டெக்சாஸின் மனிதர்களுக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் சொன்னார். மெர்கோ அவதூறு வழக்குப் போட்டது. 1996இல் டெக்சாஸ் ஜூரி நிறுவனத்துக்குச் சாதகமாக 50 லட்சம் டாலர் தீர்ப்புக் கொடுத்தது. மறுவருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இதற்கு நடுவே அதே ஊருக்கு அணுக்கழிவுக் கிடங்கு ஒன்றும் வருவதாக இருந்தது என்றால் நம்புவீர்களா? மேய்ன், வெர்மான்ட் மாநிலங்களின் கழிவு, டெக்சாஸ் கழிவோடு சேர்த்து. எல்லையின் இரண்டு பக்கமும் மக்கள் எழுந்தார்கள். 1998 அக்டோபரில் மாநில ஆணையமே அதை நிராகரித்தது. கசட்டு ரயில் 2001இல் நின்றது. நின்றதற்குக் காரணம் சியெரா பிளாங்காவின் குரல் அல்ல, நியூயார்க் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதுதான்.

இந்தக் காலகட்டத்தில்தான் கசட்டுக்குப் பெயர் மாறியது. கழிவுநீர்த் தொழில்காரர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய கூட்டமைப்பு உண்டு. அதன் பெயரில் முதலில் 'சாக்கடை வேலை' என்றே வெளிப்படையாக இருந்தது. 1960இல் அதை 'நீர் மாசுக் கட்டுப்பாடு' என்றும் 1991இல் 'நீர்ச் சூழல்' என்றும் மாற்றிக்கொண்டார்கள். தங்களுக்குப் புதுப் பெயர் வைத்த கையோடு கசட்டுக்கும் வைத்தார்கள். உறுப்பினர்களிடம் பெயர்கள் கேட்டு வாங்கி, கடைசியில் தேர்ந்தெடுத்தது 'பயோசாலிட்ஸ்'. 'ஸ்லட்ஜ்' என்று சொன்னாலே ஆங்கிலத்தில் முகம் சுளிக்கும். பயோசாலிட்ஸ் என்றால் ஏதோ ஆர்கானிக் கடையில் விற்கும் சமாச்சாரம் மாதிரி. 1993இல் சுற்றுச்சூழல் முகமை கசட்டை நிலத்தில் போடுவதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. சில கன உலோகங்களுக்கும் நோய்க்கிருமிகளுக்கும் வரம்பு வைத்தார்கள். தொழிற்சாலைகள் சாக்கடையில் விடும் ஆயிரக்கணக்கான மற்ற ரசாயனங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

நியாயமாகச் சொன்னால் உரம் என்பதும் பொய்யில்லை. மில்வாக்கி நகரம் 1926இலிருந்தே கசட்டைக் காயவைத்து மூட்டை போட்டு விற்கிறது, அமெரிக்கப் புல்வெளிகளில் அது பிரபலம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் மனித மலத்தில் இருக்கின்றன, மண்ணுக்கு அவை வேண்டும். கெடுத்தது மலம் இல்லை, அதோடு ஒரே குழாயில் வந்து சேர்ந்த மற்றதெல்லாம்தான். நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்த எரு வேறு, ஒரு தொழில் நகரத்தின் கேக் வேறு.

சௌத் பிராங்க்ஸின் ஹண்ட்ஸ் பாயின்ட்டில் கட்டியது இந்த மூட்டை உர வகைதான். 1990களின் தொடக்கத்தில் வந்த அந்தத் தனியார் ஆலை, நகரக் கசட்டில் கிட்டத்தட்டப் பாதியை வாங்கி, சூடாக்கிக் காயவைத்து, சின்ன உருண்டைகளாக்கி ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் வரை அனுப்பியது. ஹண்ட்ஸ் பாயின்ட் எப்படிப்பட்ட இடம்? நகரத்துக்கே காய்கறி, மீன், இறைச்சி போகும் மொத்தச் சந்தை அங்கே. அதற்கான லாரிகள் அங்கே. குப்பை மாற்று நிலையங்கள் அங்கே. கழிவுநீர் நிலையமும் ஏற்கெனவே அங்கே. நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று, குழந்தைகளுக்கு ஆஸ்துமா அதிகம். இவ்வளவு நாற்றக்காரர்கள் ஒரே இடத்தில் இருந்தால் இன்றைய வாடை யாருடையது என்று சண்டை போடவே நேரம் போய்விடும். அது ஆலைக்கு வசதி.

எதிர்த்தவர்கள் 'மதர்ஸ் ஆன் த மூவ்' என்ற அமைப்பினர். 1992இல் அவர்கள் ஆரம்பித்தது சூழலியலுக்காக அல்ல. பிள்ளைகள் பள்ளியில் வாசிக்கத் திணறுகிறார்களே, ஏன் என்று கேட்கக் கூடிய அம்மாக்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுப் பிரச்சினை, வீட்டிலிருந்து காற்று என்று கேள்வி விரிந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் யாரும் கசட்டைப் பற்றிப் போராடலாம் என்று ஒரு நாள் காலையில் முடிவெடுத்து எழுந்திருப்பதில்லை. ஏதோ ஒன்றைக் கேட்கப் போய், அங்கிருந்து இங்கே வந்து நிற்கிறார்கள்.

பல வருடங்கள் கூட்டம், மனு, ஊர்வலம். 2008இல் பத்துக் குடியிருப்பாளர்களும் இந்த அமைப்பும், மறுபடி என்ஆர்டிசி வக்கீல்களோடு, ஆலைமீதும் அதன் தாய் நிறுவனமான சினாக்ரோமீதும் நகரத்தின்மீதும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2009இல் மாநில அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ கோமோவும் தனியாக ஒரு வழக்குப் போட்டார். இதே காலத்தில் டெட்ராய்ட்டில் சினாக்ரோவின் பெரிய கசட்டு ஒப்பந்தம் ஒன்று லஞ்ச ஊழலாக வெடித்தது. நகரசபை உறுப்பினர் மோனிகா கான்யர்ஸ் 2009இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மலத்தில் இவ்வளவு பணமா என்று கேட்காதீர்கள், யாரும் பார்க்க விரும்பாத இடத்தில்தான் பணம் நிம்மதியாக இருக்கும். 2010இல் நியூயார்க் நகரம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது, ஆலை மூடியது. நகரம் சொன்ன காரணம் செலவு. அம்மாக்கள் ஜெயித்தார்களா, கணக்குப்பிள்ளை ஜெயித்தாரா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்காது.

அந்தப் பாதிக் கசடு அதற்கப்புறம் எங்கே போயிற்று? லாரிகளிலும் ரயிலிலும் வேறு மாநிலங்களின் குப்பைக் கிடங்குகளுக்கு.

இப்போது மோரோவுக்கு வரலாம். ஹட்சன் ஆற்றின் மேல்பகுதி, நியூயார்க் நகரத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே. இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தொழிலாளர் குடும்பங்கள். ஹார்லெம் வரைபடம் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் இந்த ஊருக்கும் ஒரு ஞாபகம் உண்டு. எதிர்க்கரையில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என்ற இரண்டு ஊர்களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் மின்தேக்கித் தொழிற்சாலைகள் இருந்தன. 1947 முதல் 1977 வரை அவை ஆற்றில் விட்ட பிசிபி 13 லட்சம் பவுண்டு வரை இருக்கும் என்பது அரசாங்கக் கணக்கு. அதே பிசிபிதான், வாரன் கவுண்டியில் லாரியில் வந்த அதே எண்ணெய். 1976இல் மேல் ஹட்சனில் மீன்பிடிக்கத் தடை வந்தது. ஆற்றின் 200 மைல் நீளம், மன்ஹாட்டனின் தென்முனை வரைக்கும், நச்சுத்தலப் பட்டியலில் சேர்ந்தது. 2009லிருந்து 2015 வரை ஆற்றடியைத் தோண்டித் தூர்வாரினார்கள். மோரோவிலேயே அதே கம்பெனி கழிவைப் புதைத்த இடம் ஒன்று தனியாக நச்சுத்தலப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சுற்றி நிலத்தடி நீர் கெட்டது. கம்பெனிக்காரர் வந்து 'பயப்படாதீங்க, எல்லாம் அளவுக்குள்ளதான்' என்று சொன்னால் இந்த ஊர்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும்?

வந்த திட்டம் இதுதான். வெளியூர்களிலிருந்து லாரிகளில் கசட்டைக் கொண்டுவந்து, ஆக்ஸிஜன் குறைவான சூட்டில் கரியாக்கி, 'பயோசார்' என்ற உரமாக விற்பது. கசட்டைக் குப்பைக் கிடங்கில் புதைத்தால் மீத்தேன் வரும், நிலத்தில் கொட்டினால் நச்சு பரவும், கரியாக்கினால் இரண்டும் குறையும் என்றார்கள். சும்மா தள்ளிவிட முடியாத வாதம். தொழிற்பேட்டை ஒன்று பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது, வேலை வரும். 2022இல் ஊர்த் திட்டக் குழு ஒப்புதல் கொடுத்தது. ஊர்க்காரர்களின் கேள்விகள் வேறு: புகைபோக்கியிலிருந்து என்ன வரும்? லாரி எத்தனை? பிஃபாஸ் என்ன ஆகும்?

இந்தப் பிஃபாஸ் 1993 விதிகளில் இல்லாத ஆள். ஒட்டாத வாணலி, தண்ணீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை, எல்லாவற்றிலும் இருக்கும் ரசாயனக் குடும்பம். எளிதில் சிதையாது. சாக்கடையில் போய்ச் சேர்ந்து கசட்டில் தங்கும். மேய்ன் மாநிலத்தில், பல வருடங்களுக்கு முன்பு உரம் என்று நம்பிக் கசட்டைப் போட்ட பண்ணைகளின் கிணற்றிலும் பாலிலும் அது தலைகாட்டியது. 2022இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக அந்த மாநிலம் நிலத்தில் கசடு போடுவதைத் தடை செய்தது. மோரோவில் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்தச் செய்தி வந்து சேராமல் இருக்குமா? ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், விடாமல் விசாரணைகளுக்குப் போனார்கள். 2025இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஆலைக்கான அனுமதியை மறுத்தது.

மோரோக்காரர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை, அவர்களுக்கு அனுபவம் கற்றுக்கொடுத்த கேள்விகள். எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனாலும் சியெரா பிளாங்கா ஞாபகத்துக்கு வருகிறது. ஓக்லஹோமா வேண்டாம் என்று சொன்னதால் கசடு போய்ச் சேர்ந்த ஊர் அது. ஓக்லஹோமாக்காரர்கள்மேல் தப்புச் சொல்ல முடியுமா? அவர்கள் வீட்டு வாசலை அவர்கள் காத்துக்கொண்டார்கள். வாசலில் நின்று சத்தம் போட நேரமும் வக்கீலும் இல்லாத ஊர் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதித் திறமை.

ஹார்லெமில் கூரைப் பூங்காவின் ஓரத்தில் நின்றால் ஹட்சன் ஆறு முழுசாகத் தெரியும். பூங்காவுக்குக் கீழே படியும் கசட்டில் நீர் பிழிய நார்த் ரிவர் நிலையத்தில் இடமில்லை. அதனால் அதை ஏற்றிக்கொள்ள நகராட்சியின் கசட்டுக் கப்பல் இன்றும் வருகிறது. முன்பு கடலுக்குப் போன கப்பல்களின் வாரிசு. இப்போது கடலுக்குப் போவதில்லை, நீர் பிழியும் ஆலை இருக்கும் வேறொரு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து லாரி.